ஃபைபர் வள்ளத்தின் உள்சுவர் கையைக் கிழிக்கிறது: பட்டி போடுவதா, டாப்கோட் அடிப்பதா?

அணியம் (நாகப்பட்டினம்)

எல்லோருக்கும் வணக்கம். சென்ற மாதம் 32 அடி ஃபைபர் வள்ளம் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வெளிப்புறம் நன்றாகவே இருக்கிறது. ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளேதான் கை வைக்க முடியவில்லை. பக்கச் சுவர் முழுக்க மேட்டின் (கண்ணாடியிழை விரிப்பின்) இழைகள் முள்முள்ளாக நிற்கின்றன. சில இடங்களில் ரோவிங் எனும் நெய்த கண்ணாடியிழையின் பின்னல் பாய் முடைந்ததுபோல் அப்படியே தெரிகிறது. வள்ளத்தின் அணியத்துப் பக்கம் (முன்முனையில்) இழைகளை ஒட்டும் ரெசின் வழிந்து மெழுகுவத்தி ஒழுகியதுபோல் உறைந்துகிடக்கிறது.

போன வாரம் வலை இழுக்கும்போது என் தம்பியின் முன்கை சுவரில் உரசியது. ரத்தம் ஒரு துளிகூட வரவில்லை. ஆனால் இரவெல்லாம் அரித்து அவன் தூங்கவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது தோலில் மினுமினுவென்று கண்ணாடித் துகள். நண்டு வலையும் மூன்று இடத்தில் மாட்டிக் கண்ணி அறுந்துவிட்டது.

பட்டறை ஒன்றில் கேட்டேன். முழுச் சுவருக்கும் பட்டி இழைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தால் வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிடும் என்றார்கள். சொன்ன தொகை கொஞ்சம் கனமாக இருக்கிறது. தேய்த்துவிட்டு வெறுமனே பெயிண்ட் அடித்தால் போதாதா? வள்ளத்தைப் பத்து நாளுக்கு மேல் கரையில் போட்டுவைக்க எனக்கு வசதியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன்காற்று

நான் பட்டிதான் போட்டேன். மேலே எனாமல் இரண்டு கை. பார்ப்பதற்கு அவ்வளவு நேர்த்தி. பின்னால் விற்கும்போது உள்பக்கம் வழவழவென்று இருந்தால் விலை கூடுதலாகக் கிடைக்கும், அதையும் யோசியுங்கள். செலவைப் பார்க்காமல் ஒரே முறையில் செய்துவிடுவதுதான் நல்லது.

கண்ணாடிஇழை

அணியம் தம்பி, பட்டறைக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 22 ஆண்டுகளாக மேட் போடுகிறவன் நான். இந்தக் கணக்கைப் பலருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

32 அடி வள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 17 சதுர மீட்டர். அதன்மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் பட்டி என்றால் 17 லிட்டர். பாலியெஸ்டர் பட்டி லிட்டருக்கு 1.8 கிலோ வரை எடை நிற்கும். ஆக 30 கிலோ. ஆனால் ரோவிங் பள்ளமும் வழிந்த திரளும் மறைய ஒரு மில்லிமீட்டர் எங்கே காணும்? சராசரி மூன்றாவது வேண்டும். 90 கிலோ. நல்ல திடமான ஓர் ஆளை, வலை இழுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லி, ஒவ்வொரு நாளும் கடலுக்கு ஏற்றிப்போகிற மாதிரி. அவருக்கும் சேர்த்து எண்ணெய் எரிப்பீர்கள்.

எடையை விடுங்கள், அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பட்டியில் இழை கிடையாது. ரெசினும் டால்க் பொடியும்தான். அலையிலும் கரையில் ஏற்றும்போதும் வள்ளத்தின் சுவர் மூச்சு விடுகிறதுபோல் உள்ளேயும் வெளியேயும் அசையும். இழை அந்த அசைவைத் தாங்கும், பட்டி தாங்காது. முடிபோல் வெடிப்பு விழும், வெடிப்பில் உப்புநீர் இறங்கும், டால்க் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் போனால் பப்படம்போல் தட்டுத்தட்டாகப் பெயரும். பாம்பன்காற்று அண்ணன் மன்னிக்க வேண்டும். உங்கள் வள்ளம் வலுவாக நிற்கட்டும் என்றுதான் வேண்டுகிறேன்; ஆனால் சுவரின் கீழ்ப்பகுதியில் நீர் தேங்குகிற இடத்தை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

உள்சுவர் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால் வழியும் தெரிந்துவிடும். நம் வள்ளங்களைக் குழி அச்சுக்குள் வைத்துத்தான் வார்க்கிறோம். அச்சை மெழுகு போட்டுத் துடைத்து, முதலில் ஜெல்கோட், பிறகு மேட், ரோவிங், மேட் என்று உள்நோக்கிப் போகிறோம். அச்சில் படிந்த முகம்தான் பளபளப்பு. கடைசியாகப் போட்ட அடுக்கு காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தொட்டு அழுத்த அச்சு இல்லை. ரோலர் ஓட்டியவன் கைதான் அதற்கு அச்சு. அவசரத்தில் ஓட்டினால் இழை எழுந்து நின்றுவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு ஒரே நேரத்தில் எத்தனை வள்ளங்கள் வேண்டியிருந்தன என்பது கடற்கரைக்காரர் எல்லோருக்கும் தெரியும். நாள் எண்ணி வார்த்த காலம் அது. அந்தக் கால வள்ளங்கள் பலவற்றின் உள்பக்கம் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது கண்ணாடி மாதிரிச் சுவர் இல்லை. முள் போக வேண்டும், வெளியே தெரியும் இழைக்கு ரெசின் போர்வை வேண்டும், நாளைக்கு வெடிப்பு விழுந்தால் அது கண்ணில் படவும் வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் பின்னல் கொஞ்சம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வேலையைக் கழுவுவதில் தொடங்குங்கள், தேய்ப்பதில் தொடங்காதீர்கள். மீன் எண்ணெயும் டீசலும் ஊறிய சுவரைக் கழுவாமல் கிரைண்டர் பிடித்தால் அந்த எண்ணெயை நாமே சுவருக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு குறைந்தது மூன்று நாள் வெயில். உப்பு தங்கவே கூடாது. உப்பு இருக்கும் இடத்தில் ஈரம் போகாது. காய்ந்த பிறகு அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டுத் தேயுங்கள். திரளுக்கு 36ஆம் நம்பர் தேய்ப்பு வட்டு, மற்ற இடத்துக்கு 60 அல்லது 80. முள்ளையும் திரளையும் மட்டும் எடுங்கள். ரோவிங் இழை அறுபடத் தொடங்கினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அது வள்ளத்தின் நரம்பு.

பின்னல் வெறுமையாகத் தெரியும் இடங்களில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட் ஓர் அடுக்கு, அது ஈரமாக இருக்கும்போதே மேலே 30 ஜிஎஸ்எம் டிஷ்யூ மேட். சல்லடைத் துணி மாதிரி மெல்லிசாக இருக்குமே, அதுதான். கீழே இருக்கும் மேட்டின் இழை எழாமல் அது அமுக்கிப் பிடிக்கும். பட்டி செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை இந்த டிஷ்யூ எடையே இல்லாமல் செய்துவிடும். முழுவதும் இறுகிய பிறகு, லேசாகத் தேய்த்து டாப்கோட் எனும் மேல்பூச்சு. சதுர மீட்டருக்கு 500 முதல் 600 கிராம். உங்கள் சுவருக்குச் சுமார் 10 கிலோ. 90 கிலோவையும் 10 கிலோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறம் வெள்ளை அல்லது வெளிர்சாம்பல். கரும்பச்சை, நீலம் வேண்டாம். வெளிர்நிறச் சுவரில் விழும் மயிரிழை வெடிப்பும் டீசல் கசிவும் எளிதில் கண்ணில் படும்.

நெய்தல்

நான் ரெசின் மூலப்பொருள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிஇழை அண்ணன் டாப்கோட் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் அதிகம் ஏமாறுவது அந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடைக்கு வந்து ஜெல்கோட் டின் வாங்கிப்போய் உள்சுவரில் அடித்துவிட்டு, "ஒரு வாரமாகியும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, சரக்கு மட்டம்" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. சரக்கில் குறையில்லை. பாலியெஸ்டர் ரெசின் இறுகுவதைக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் தடுக்கும். அச்சுக்குள் அடிக்கும் ஜெல்கோட்டுக்கு ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் மேட், காற்று படாது. உள்சுவரில் மேல்பரப்பு முழுக்கக் காற்றைப் பார்த்து நிற்கிறது. அதனால்தான் மெழுகு சேர்க்க வேண்டும். ரெசினில் இருக்கும் கரைப்பானான ஸ்டைரீனில் பாரஃபின் மெழுகு கரைத்த கரைசல் தனியாகவே கிடைக்கும். ஜெல்கோட் ஒரு கிலோவுக்கு 20 முதல் 30 கிராம். இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து ஆடை கட்டிக் காற்றை மறைத்துக்கொள்ளும். ஜெல்கோட்டோடு மெழுகு, அதுதான் டாப்கோட், ஃப்ளோகோட் எல்லாம்.

இரண்டு எச்சரிக்கை. மெழுகு கடைசிக் கைக்கு மட்டும். இடை அடுக்கில் மெழுகு கலந்தால் அடுத்த அடுக்கு அதன்மேல் பிடிக்காது. முழுவதும் தேய்த்து எடுத்தாக வேண்டும். அதேபோல் உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். சூட்டில் மெழுகு ஆடை ஒழுங்காகக் கட்டாது. விடிந்து பனி ஈரம் உலர்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். தலைக்கு மேல் ஒரு படுதா இருந்தால் இன்னும் நல்லது.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா நிறக் கோபால்ட்டையும், அதை இறுக வைக்கும் தண்ணீர்போன்ற கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு முழுவதும் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையைப் பயன்படுத்தாதீர்கள். அடியில் மிஞ்சிய சொட்டுகூடப் போதும். கோபால்ட் கலந்தே வரும் ரெசினும் உண்டு. டின்னில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி போதும் நம் ஊர் வெக்கைக்கு. கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.

தேய்க்கும்போது என்95 முகமூடி தூசுக்குப் போதும். ஸ்டைரீன் ஆவியை அது தடுக்காது. அதற்குக் கரி நிரப்பிய வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். வள்ளம் திறந்த வெளியில் இருந்தாலும் அணியத்து மூலையில் ஆவி தேங்கும்.

சோழகம் (யாழ்ப்பாணம்)

நல்ல தகவல்கள். எங்கள் பக்கம் 18, 19 அடி ஃபைபர் படகுகள்தான் அதிகம். காரைநகர் சீநோர் படகு கட்டும் தளத்தில் வேலை பழகியவர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் நான் றோலர் பிடிக்கக் கற்றேன். அவர் சுவர் தேய்த்து முடித்ததும் கையால் தடவிப் பார்க்க மாட்டார். பழைய நைலோன் வலைத் துண்டு ஒன்றை எடுத்துச் சுவர்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவார். எங்கே வலை தயங்குகிறதோ அங்கே ஒரு பென்சில் புள்ளி. கண்ணுக்குத் தெரியாத முள்ளை வலை கண்டுபிடித்துவிடும். பிறகு புள்ளி வைத்த இடத்தை மட்டும் மறுபடியும் தேய்ப்பார். நானும் இன்றுவரை அப்படியே செய்கிறேன்.

அரிப்புக்கு: வேலை முடிந்தவுடன் சுடுநீரில் குளிக்க வேண்டாம். குளிர்ந்த நீரை ஊற்றுங்கள், துவாயால் அழுத்தித் துடைக்காதீர்கள். வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்கவே வேண்டாம். பிள்ளைகளின் சட்டை வரைக்கும் கண்ணாடி போய்விடும்.

அணியம் (நாகப்பட்டினம்)

படித்துவிட்டு உடனே போய்ச் சுவரைக் கழுவினேன். இவ்வளவு விவரமாகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கழுவியதில் ஒரு புதிய விஷயம் தெரிந்தது. இன்ஜின் கட்டைக்கு மேலே, இடது பக்கச் சுவரில், ஒரு முழம் அகலத்துக்கு நிறம் வேறாக இருக்கிறது. மற்ற இடம் தேன் நிறம், இங்கே பால் கலந்ததுபோல் வெண்மை. விரல் முட்டியால் தட்டினால் சத்தமும் வேறு. இதையும் தேய்த்து மேலே மேட் போட்டுவிடலாமா?

கண்ணாடிஇழை

போடாதீர்கள் தம்பி. நல்ல வேளை, கழுவிப் பார்த்தீர்கள். நேற்றே பட்டியைப் பூசியிருந்தால் இந்த இடம் இனி யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து அதன் விளிம்பால் தட்டுங்கள். ஒட்டிய சுவர் "டிக் டிக்" என்று கூர்மையாகப் பேசும். அடுக்கு பிரிந்த சுவர் "டப் டப்" என்று அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் மழுங்கிப் பேசும். சத்தம் மாறும் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டே போனால் நோயின் எல்லை தெரிந்துவிடும். இன்ஜின் அதிர்வு தொடர்ந்து படும் இடம் அது; மேட்டும் ரோவிங்கும் அங்கே பிரிந்திருக்கலாம், அல்லது வார்க்கும்போதே ரெசின் குடிக்காத வறண்ட மேட்டாக இருக்கலாம். எதுவானாலும் பிரிந்த அடுக்கை நல்ல அடுக்கு வரும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், தட்டு மாதிரிச் சரிவாக இறக்குங்கள். சுவர் கனம் ஒரு மில்லிமீட்டருக்கு 12 மில்லிமீட்டர் சரிவு என்பது படகு பழுதுபார்க்கும் இடங்களில் உள்ள வழக்கம். பிறகு எடுத்த அடுக்குகளை அதே வரிசையில் திரும்பப் போடுங்கள்.

எங்கள் பட்டறைக்கு ஒருமுறை வந்த படகை மறக்க முடியவில்லை. உள்சுவர் முழுக்க அழகாகப் பட்டி, மேலே வெள்ளைப் பெயிண்ட். உரிமையாளர் அடிக்கடி நீர் ஊறுகிறது என்றார். எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பட்டியை உளியால் பெயர்த்தபோது உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ரோவிங் அறுந்து, இழைகள் ஊறிய தேங்காய் நார்போல் கையோடு வந்தன. பக்கத்தில் மூக்கை வைத்தால் காடி வாடை. அந்த வெடிப்பு எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. அதோடு நான்கு பேர் தினமும் கடலுக்குப் போய்வந்திருக்கிறார்கள். சுவரை மூடாதீர்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த நான்கு பேர்தான்.

பாம்பன்காற்று

நேற்றுச் சுரண்டிப் பார்த்தேன். வலப்பக்கம் கீழே, அமரத்தை (பின்முனையை) ஒட்டி இரண்டு கை அகலத்துக்குப் பட்டி பொருமியிருக்கிறது. விரலால் அழுத்தினால் நீர் கசிகிறது. அந்தப் பகுதியை முழுக்க எடுத்துவிடப் போகிறேன். அணியம், நான் முதலில் சொன்னதைக் கேட்க வேண்டாம். நெய்தல் அக்கா, எனாமல் பெயிண்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே டாப்கோட் அடிக்கலாமா?

நெய்தல்

கூடாது. ஸ்டைரீன் எனாமலை இளக்கிச் சுருட்டிவிடும். பெயிண்ட் முழுவதும் போக வேண்டும். இன்னொன்று: பழுதுபார்க்க எப்பாக்ஸி (வேறு வகை ரெசின்) பயன்படுத்தினால் அதன்மேல் பாலியெஸ்டர் டாப்கோட் சரியாகப் பிடிக்காது. பாலியெஸ்டர்மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும், தலைகீழாகச் செய்தால்தான் சிக்கல். எப்பாக்ஸி தொட்ட இடத்துக்கு இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்ட் போடுங்கள்.

தென்கரை (சிங்கப்பூர்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 26 அடிப் பழைய பாய்மரப் படகு, அறை வைத்தது. அறையின் உள்சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டிய வினைல் துணி இருந்தது. அது தொங்கத் தொடங்கியதால் உரித்தேன். ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்து, பழைய பசையோடு சேர்ந்து சுவரெல்லாம் கருஞ்சாந்து. கீழே முரட்டு மேட். இங்கே இரவில் சுவர் வியர்க்கிறது, பூஞ்சை வாடை வேறு. மறுபடியும் வினைல் ஒட்டுவதா?

சோழகம் (யாழ்ப்பாணம்)

மீன்பிடிப் படகுக்கு அறை இல்லை என்றாலும், தெரிந்தவர் ஒருவரின் படகில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒட்டவே வேண்டாம். பசையைச் சுரண்டி, தேய்த்து, டாப்கோட் அடித்துச் சுவரை முதலில் சுத்தமாக்குங்கள். பிறகு ஒட்டும் இடத்தில் மட்டும் மெழுகு போகத் தேய்த்துவிட்டு, உள்ளங்கை அளவு மரத்துண்டுகளை எப்பாக்ஸியால் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் துண்டுகளில் மெல்லிய மரச் சட்டங்களைக் கிடையாகத் திருகி விடுங்கள். சட்டத்துக்குச் சட்டம் ஒரு விரல் இடைவெளி. காற்று பின்னால் ஓடும், வியர்வை உலரும், பார்க்க வேண்டும் என்றால் நான்கு திருகாணியைக் கழற்றினால் சுவர் கண் முன்னே. திருகாணியின் நீளத்தைத் துண்டின் கனத்தோடு வைத்து அளந்துவிட்டுத் திருகுங்கள். ஃபைபர் சுவருக்குள் ஒரு நூல்கூட இறங்கக் கூடாது.

அணியம் (நாகப்பட்டினம்)

வேலை முடிந்தது. பத்து நாள் என்று நினைத்தது பதினாறு நாள் ஆயிற்று. ஆறு நாள் அந்த இன்ஜின் பக்கத்துச் சுவருக்கே போனது. நாணயத்தால் தட்டி வரைந்த எல்லை நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு. தேய்த்து இறக்கியபோது உள்ளே மேட் வெள்ளை வெளேரென்று, ரெசின் படாத பஞ்சாகவே கிடந்தது. அதன் இழையை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்க முடிந்தது. இத்தனை நாள் அதை நம்பித்தான் பன்னிரண்டு பாகம் ஆழத் தண்ணீரில் வலை விட்டுக்கொண்டிருந்தோம்.

நான்கு அடுக்கு திரும்பப் போட்டு, வெறுமையான இடத்துக்கெல்லாம் மேட்டும் டிஷ்யூவும் போட்டு, வெளிர்சாம்பல் டாப்கோட் 11 கிலோ பிடித்தது. சோழகம் அண்ணன் சொன்ன வலைத்துண்டை என் தம்பியிடம் கொடுத்தேன். முதல் சுற்றில் அறுபதுக்கு மேல் புள்ளி வைத்தான், இரண்டாவதில் ஒன்பது. பின்னல் அங்கங்கே தெரிகிறது. இப்போது அது எனக்கு உறுத்தவில்லை.

ஒரே குறை: அமரத்துப் பக்கம் இரண்டு அடிக்கு இன்னும் பிசுபிசுக்கிறது. அந்த இடத்தை முடிக்கும்போது பதினொரு மணி வெயில். ஐஸ் பெட்டியின் உள்ளேயும் அதே டாப்கோட் அடித்திருக்கிறேன். அது நன்றாக இறுகிவிட்டது. நாளை இறக்கலாமா?

நெய்தல்

பிசுபிசுக்கும் இடத்தை அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டு 80ஆம் நம்பர் தாளால் தேய்த்து, காலையிலேயே மெழுகு சேர்த்து ஒரு கை அடியுங்கள். அதற்காக வள்ளத்தை நிறுத்த வேண்டாம், அடுத்த ஓய்வு நாளில் செய்யலாம்.

ஐஸ் பெட்டிக்கு மட்டும் பொறுங்கள். இறுகியதுபோல் இருந்தாலும் ஸ்டைரீன் வெளியேற நாளாகும், மீன் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து ஒரு வாரம் வெயில் காட்டி, சுடுநீரும் சோப்பும் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். பிறகு இரவு மூடிவைத்து, காலையில் திறந்தவுடன் மோந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில். அதுவரை மீனுக்குத் தனிப் பெட்டி எடுத்துப்போங்கள்.